ஜூன் 30, ஜூலை 1

கலசப்பாக்கத்தில் 1990-ல் பிறந்த ஒருவரிடம் ‘நீங்கள் எப்படி இந்தியர்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இங்கேதானே பிறந்தேன்’ என்பார். சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்ததால்தான் அவர் இந்தியர். செய்யாற்றங்கரையில் பிறந்தது மட்டும் போதாது. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்த அவருடைய அண்ணனுக்கு இந்த மண்ணில் பிறந்ததே போதும். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற சில விலக்குகளைத் தவிர, பெற்றோர் எந்த நாட்டவர் என்று 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முதலில் கேட்கவேயில்லை.

நமக்கு இது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தகவல். திருவண்ணாமலை மாவட்டம் உட்பட தமிழ்நாடெங்கும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தே இதுதான். 1987 ஜூன் 30 இரவு ஒன்று, நள்ளிரவு தாண்டி ஒன்று என இரட்டைக் குழந்தைகள் அங்கே பிறந்திருந்தால் மூத்தது இந்தியர், இளையது அகதி.

தேதி தற்செயலாக வந்ததல்ல. 1985 அசாம் ஒப்பந்தத்தின் சூட்டோடு சட்டம் 1986-ல் திருத்தப்பட்டது. 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தலைமன்னாரிலிருந்து இரவோடு இரவாகப் படகேறி தனுஷ்கோடியில் இறங்கியவர்கள் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்கள்?

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் பார்த்த நீதிமன்றம் 2022-ல் அவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னது. திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். பிறந்த நாள் முதலே அவர் இந்தியர். அதை அரசு ஏற்க 36 ஆண்டுகளும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. அப்படியானால் யாரை வேண்டுமானாலும் சட்ட நடைமுறை இல்லாமல் பிடித்து அனுப்பிவிடலாமா? முடியாது. உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த நபரும்’ என்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது.

மற்றதெல்லாம் அரசாணைதான். பத்துக்குப் பத்து அடி அறை, ரேஷன் அரிசி, மாதப் பணம், அதிகாரிகள் வந்து தலை எண்ணும் ‘செக்கிங்’ எல்லாமே அப்படி வந்தவை. 2021-ல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. சுமார் 7,500 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியமானது. குடும்பத் தலைவருக்கான உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. ‘அகதிகள் முகாம்’ என்ற பலகை ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,000-க்கும் மேற்பட்டோர். உண்மையிலேயே நல்ல காரியம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஓர் அரசாணை தந்ததை இன்னோர் அரசாணை எடுத்துவிடலாம். குடியுரிமையோ மாநிலத்தின் கையில் இல்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்குக் கதவைத் திறந்தது. இலங்கையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சிறு அசைவு தெரிந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று மத்திய அரசு விலக்களித்தது. குடியுரிமை பற்றி அதில் ஒன்றுமில்லை. முகாமிலேயே பிறந்து, இங்கேயே பத்தாம் வகுப்பும் கல்லூரியும் முடித்து, இலங்கையைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளைகளுக்காவது நாடாளுமன்றம் அந்த 1987 தேதியைத் தளர்த்த வேண்டும்.