மூக்கில் தெளிக்கும் மருந்துகள்: எது எதற்கு?

காலையில் அடுக்குத் தும்மல், மூக்கிலிருந்து நீராய் ஒழுகுதல், கண் அரிப்பு, இரவில் மூக்கடைப்பு ஆகியவை ஒவ்வாமை மூக்கழற்சியின் அறிகுறிகள். செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரையிலான நம் பகுதியில், கடலோர ஈரப்பதத்தால் மெத்தை, தலையணைகளில் பெருகும் தூசி உண்ணிகளும் சீமைக் கருவேல மகரந்தமும் இதைத் தூண்டக்கூடும். இதற்கென மருந்துக் கடைகளில் விற்கப்படும் தெளிப்பான்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் செயலில் வேறுபட்டவை.

குப்பியின்மேல் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என ‘சோலின்’ என்று முடிந்தால், அது மூக்கினுள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. சில நிமிடங்களில் அடைப்பு விலகும். அந்த விரைவுதான் பலரை அதற்கு அடிமையாக்குகிறது. 3 முதல் 5 நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் மூக்கு முன்னிலும் மிகுதியாக அடைத்துக்கொள்ளும். மீண்டும் தெளிக்க நேரும். தலையணைக்கடியில் குப்பியின்றி உறங்க இயலாதவர்கள் உண்டு. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைப் பயன்படுத்தலாகாது.

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு ஆகியவை ஸ்டீராய்டு வகை. இவை அழற்சியையே தணிப்பதால், தொடர்ந்து துன்புறுவோருக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பவை. நாள்தோறும் தெளிக்க வேண்டும். முழுப்பயன் கிடைக்க ஓரிரு வாரங்கள் ஆகலாம். இரண்டே நாளில் ‘மருந்து கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவோரே மிகுதி. ஸ்டீராய்டு என்றதும் அஞ்ச வேண்டா. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டிலும் உரிய அளவில் தெளிக்கும்போது இரத்தத்தில் கலப்பது நூற்றில் 2 பங்குக்கும் குறைவு. குழந்தைகளுக்கு நீண்டகாலம் அளித்தால் உயரத்தை அவ்வப்போது அளந்து பார்ப்போம்.

அசெலாஸ்டின் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து. 15 நிமிடங்களில் பலன் தரத் தொடங்கும். நாவில் கசக்கும், சிலருக்கு உறக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுவோர் கவனிக்க வேண்டும். ஒரு மருந்து போதாதவர்களுக்கு இதனுடன் ஃப்ளூட்டிகசோன் சேர்ந்த தெளிப்பானும் உண்டு. உப்புநீர்த் தெளிப்பான் மூக்கைக் கழுவ மட்டுமே.

தெளிக்கும்போது தலையைச் சற்றே குனிந்து, வலக்கையால் இடத் துளையிலும் இடக்கையால் வலத் துளையிலும், நுனி அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கியிருக்குமாறு தெளியுங்கள். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் இரத்தம் கசியும்.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் பணிபுரிவோர் ஒன்றை அறிய வேண்டும். தெளிப்பான் மூக்கைத் திறக்குமேயன்றி, கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை அடைவதைத் தடுக்காது. அதற்கு முகத்தில் துணியைக் கட்டிக்கொள்வதும் போதாது. தூசியை வடிகட்டும் முகக்கவசம் அணிந்து, கல்லை நனைத்து அறுக்க வேண்டும். தும்மலுடன் நீங்காத இருமலோ மூச்சிரைப்போ இருப்பின், மார்பு எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க வாருங்கள்.