கேட்க மட்டும்தானா மாணவன்?

ஒருவர் பேசுகிறார், நாற்பது பேர் கேட்கிறார்கள். ஒருவர் வினா விடுக்கிறார்; முன்வரிசையிலே மூவர் விடை சொல்கிறார்கள். மற்ற முப்பத்தேழு பேர்? வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள், வகுப்பில் இல்லை! இதற்குப் பெயர் அமைதியாம், கட்டுப்பாடாம்! ஊமையாக்கிவிட்டு, ஒழுக்கம் என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

பேசத் தெரியாத பிள்ளை என்று முத்திரை குத்துகிறார்கள். தெரியாதவனா அவன்? தெருவிலே பேசுகிறான், திடலிலே வாதாடி வெல்கிறான். வகுப்பறை வாசலை மிதித்ததும் நாக்கு உலர்ந்துவிடுகிறது. தவறிவிடுமோ, தவறினால் சிரிப்பார்களோ என்ற அச்சம்! அந்த அச்சத்தைப் போக்க வழியுண்டா? உண்டு என்று செய்து காட்டினார் ஓர் ஆசிரியர்.

பிரெஞ்சு நாட்டின் தென்கிழக்கு மலைப்பகுதியில் 1896-ல் பிறந்தவர் செலஸ்தேன் பிரெனே. முதல் உலகப் போரில், 1917-ல் குண்டடிபட்டு நுரையீரல் புண்பட்டது. உயிர் பிழைத்தார்; நெடுநேரம் உரக்கப் பேசும் வலிமை போயிற்று. 1920-ல் பார்-சூர்-லூ என்ற சிற்றூரிலே ஆசிரியரானார். பேச இயலாத ஆசிரியர் என்ன செய்வார்? மாணவரைப் பேசவிட்டார்!

1924-ல் சிறியதோர் அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள்ளே கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாம் கண்டதை, எண்ணியதை எழுதினர். எழுதியதை வகுப்பிலே படித்தனர். எது அச்சேற வேண்டுமென்று வகுப்பே வாக்களித்தது. தேர்ந்ததைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் கூடித் திருத்தினர். இந்தச் சொல் பொருந்துமா, அந்த வரி உண்மையா என்று கேட்டனர். எழுதியவன் எழுந்து விடை சொன்னான். பிறகு அந்தச் சின்ன விரல்களே எழுத்துக் கோத்தன. தாள் அச்சாகி வந்தது.

வடமேற்கே, கடலோரத்திலே, பிரித்தானிப் பகுதியில் திரெகுங் என்றோர் ஊர். அங்குள்ள பள்ளிக்கு அந்தத் தாள்கள் போயின. அங்கிருந்து பதில் வந்தது. மலைப்பிள்ளை எழுதியதைக் கடற்கரைப்பிள்ளை படித்தான். தன் ஊர்க் கதையை எழுதி அனுப்பினான். அன்று முதல் மலைப்பிள்ளை மதிப்பெண்ணுக்காகவா எழுதினான்? தன் எழுத்துக்காகக் காத்திருக்கும் தோழனுக்காக எழுதினான்! எழுத்துக்கு உயிர் கொடுப்பது மறுமொழி.

இன்னொன்றும் செய்தார். வகுப்புச் சுவரிலே பெரியதொரு தாள். குறை கூறுகிறேன், பாராட்டுகிறேன், விரும்புகிறேன் என்று தனித்தனிப் பத்திகள். எவரும் எழுதலாம். ஒரே நிபந்தனை: எழுதியவர் பெயரிட வேண்டும். வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அது விவாதத்துக்கு வரும்.

கண்டபடி எழுதவிட்டால் கட்டுப்பாடு என்னாவது என்று கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: எழுத இடம் கொடுக்காவிட்டால் மாணவன் எழுதாமலா இருக்கிறான்? கழிப்பறைச் சுவரைப் போய்ப் பாருங்கள்! பெயரை மறைத்து ஏசுவது அந்தச் சுவர்; பெயரிட்டு, முகத்துக்கு நேரே குறை சொல்லி, பதிலையும் கேட்டுக்கொள்வது இந்தச் சுவர். எது கட்டுப்பாடு?

இதற்கு எதிர்ப்பு வராமலா போகும்? 1928-ல் சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார் பிரெனே. அங்கே ஒரு பிள்ளை தன் கனவை எழுதினான். பள்ளிக்குப் பொருள்களை இலவசமாகத் தர மறுக்கும் மேயரை எதிர்த்து வகுப்பே கிளர்ந்தெழுந்து மிரட்டுவதாகக் கனவு. கடுமையான கனவுதான், ஆனால் கனவு! ஊரிலே சுவரொட்டிகள் முளைத்தன. வலதுசாரி ஏடுகள் வசைபாடின. 1933-ல் பிரெனே அந்தப் பள்ளியை விட்டு விலக்கப்பட்டார்.

ஓய்ந்தாரா? 1935-ல் வான்ஸ் என்ற ஊரிலே சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். உள்நாட்டுப் போரால் அகதிகளாகி வந்த ஸ்பானியச் சிறுவர்களுக்கும் அங்கே இடமளித்தார். 1966-ல் மறைந்தார். அரசுப் பள்ளியிலிருந்து அவரை விலக்கிய அதே நாட்டின் அரசு, 1991-ல் அந்தப் பள்ளியைத் தன் பள்ளியாக ஏற்றுக்கொண்டது! துரத்தப்பட்டது மனிதர், துரத்த முடியாதது கருத்து.

ஆசிரியத் தோழர்களே! இதற்கு அச்சு இயந்திரம் வேண்டாம். சுவரிலே ஒரு தாள், கையிலே ஒரு பென்சில் போதும். ஆனால் எழுதச் சொல்லிவிட்டு ஏறெடுத்துப் பாராமல் போகாதீர்கள். சிவப்பு மையால் சுழித்துவிட்டுத் திருப்பித் தருவது பதிலாகாது. படியுங்கள், பக்கத்திலிருப்பவனைப் படிக்கச் சொல்லுங்கள், மறுக்கச் சொல்லுங்கள், மறுப்புக்கு மறுப்பு எழுதச் சொல்லுங்கள். பின்வரிசைப் பிள்ளை எழுதிய ஒரு வரியை வகுப்பு முழுதும் விவாதிக்கும் அன்று, அவன் நாக்கு தானே அவிழும்.

அவிழ்ந்தாக வேண்டும்! வகுப்பிலே எழுந்து 'ஏன்' என்று கேட்கத் துணியாதவன், நாளை வாக்குச்சீட்டைக் கையில் வாங்கும்போது மட்டும் கேட்டுவிடுவானா?