முகமா, பந்தயமா?

கஞ்சமலைக்கு அருகிலுள்ள நமது இளம்பிள்ளைக்குச் சேலை கொள்முதல் செய்ய வரும் வெளியூர் வியாபாரிகளைப் பார்த்தால், சேலை என்ற வஸ்துவே அவர்களுக்குப் பிடிக்காதோ என்று தோன்றும். உதட்டைப் பிதுக்குவார்கள், எழுந்து செருப்பையும் மாட்டிக் கொள்வார்கள். இந்த நாடகத்தை நாம் வியப்புடன் பார்த்திருந்தபோது, கடைக்காரப் பெரியவர் காதோடு சொன்னார்: "மூஞ்சியைப் பார்க்காதீங்க, வாத்தியாரய்யா! தடவைக்குத் தடவை விலையை எவ்வளவு ஏத்திக் கேக்கிறாருன்னு பாருங்க."

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைப் பற்றிய நெடுநாள் விவாதமும் இதுவேதான். அதில் மட்டமான சீட்டு வைத்திருப்பவனும் பெரும் பந்தயம் கட்டி மற்றவர்களை மிரட்டலாம். அந்தக் கள்ளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்ணையும் கை நடுக்கத்தையும் கவனி என்பர் ஒரு சாரார். அமெரிக்க ஆட்டக்காரர் மைக் காரோ 1984-ல் இக்குறிகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். எப்போது, எவ்வளவு பந்தயம் கட்டினான் என்பதே சாட்சி என்பர் மற்றொரு சாரார்.

2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆட்டக்காரரின் முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் பலிக்கவில்லை. பந்தயக் காசை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்களே ஓரளவு சரியாக ஊகித்தார்கள். பொய் சொல்ல முகம் பழகியிருக்கிறது. கை அவ்வளவு பழகவில்லை போலும்! 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெல்லன் சர்வகலாசாலையார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணிப்பொறி நிரல், கைதேர்ந்த நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. அதற்குப் பார்க்கக் கண் ஏது? எதிரிகள் எந்தத் தொகைகளைக் கட்டி அதன் பலவீனத்தைத் தேடினார்களோ, அந்த இடங்களை இரவோடிரவாகக் கணக்கிட்டு அடைத்துக் கொண்டது.

ஆகவே பந்தயத்துக்கே முதல் ஸ்தானம், முகக்குறி உபசாட்சிதான். ஆனால் ஒரு பந்தயத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பலமுறை பார்த்தால்தான் வழக்கம் புலப்படும்.

நம் பழைய மாணாக்கன் ஒருவன் இந்த வித்தை தனக்குக் கைவந்துவிட்டதென்று நம்பிக் கைபேசியில் பணம் வைத்து ஆடினான். தோற்றதை மீட்க ஒவ்வொரு முறையும் பந்தயத்தை இரட்டித்தான். பிறர் பந்தயத்தைப் படித்தவன் தன் பந்தயத்தைப் படிக்கவில்லை. கடைசியில் தறி அடகுக்குப் போயிற்று. இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்க நமது பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 2025-ல். அவனுக்கு அது காலங்கடந்த உதவி.

"அவன் முகம் ஒரு நாளும் வாடலீங்களே!" என்று அழுதார் அவன் தாயார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று அந்த அம்மாள் நம்பியிருந்தார். அவன் கைமாற்றாகக் கேட்டதோ முதலில் ஐந்நூறு, பிறகு ஆயிரம், பிறகு இரண்டாயிரம். பார்க்க வேண்டிய பந்தயம் வீட்டிலேயே நடந்து கொண்டிருந்தது.