வகுப்பறைக்கு வந்த குவாண்டம் இயற்பியல்

1870களில் மேக்ஸ் பிளாங்க் என்ற இளைஞர் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயில விரும்பினார். அத்துறையில் கண்டறிய வேண்டியவை ஏறக்குறைய முடிந்துவிட்டன என்று பேராசிரியர் ஒருவர் அவரிடம் கூறினார். ஆயினும், பிளாங்க் தம் விருப்பத்தைக் கைவிடவில்லை. 1900ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்தே குவாண்டம் இயற்பியலுக்கு வித்திட்டது.

ஆற்றல் நீரோட்டம்போல் தொடர்ச்சியாக வெளிப்படுவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிப்படுகிறது என்பதே அக்கருத்தாகும். துத்தநாகத் தகட்டின்மீது சிவப்பு ஒளியை எவ்வளவு பிரகாசமாகப் பாய்ச்சினாலும் எலக்ட்ரான்கள் வெளியேறுவதில்லை. ஆனால், புற ஊதா ஒளி மங்கலாக இருந்தாலும் அவை உடனே வெளியேறுகின்றன. பழைய இயற்பியலால் விளக்க இயலாத இந்நிகழ்வை 1905ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் விளக்கினார். ஒளியும் ஆற்றல் பொட்டலங்களால் ஆனது. சிவப்பு ஒளியின் பொட்டலத்தைவிடப் புற ஊதா ஒளியின் பொட்டலம் மிகுந்த ஆற்றலைக் கொண்டது என்றார் அவர்.

மலேசியாவில் படிவம் 5 இயற்பியல் பாடத்தில் குவாண்டம் இயற்பியல் தனி இயலாக இடம்பெற்றுள்ளது. இவ்வியலைக் கற்பிப்பது எளிதன்று. எலக்ட்ரானைக் கண்ணால் காண முடியாது. அதனால், மாணவர்கள் சூத்திரங்களை மனனம் செய்து தேர்வு எழுதுவதோடு நின்றுவிடக்கூடும்.

இக்குறையை எளிய பரிசோதனை ஒன்று போக்கும். சிவப்பு எல்.இ.டி. விளக்கு 2 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே ஒளிரத் தொடங்கும். நீல விளக்குக்கோ ஏறத்தாழ 2.5 வோல்ட் தேவைப்படும். நீல ஒளியின் பொட்டலத்திற்கு அதிக ஆற்றல் வேண்டும் என்பதே இதற்குக் காரணம். பல நிற விளக்குகளின் மின்னழுத்தத்தை அளந்து, வரைபடம் வரைந்தால், பிளாங்கின் பெயரால் வழங்கும் மாறிலியின் மதிப்பை மாணவர்களே ஏறத்தாழக் கணக்கிடலாம். அப்பொழுது சூத்திரம் அவர்களின் சொந்த அனுபவமாகிவிடும்.

இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. இயற்பியலை முடிந்துபோன பாடமாகக் கற்பித்தால், அன்றைய பேராசிரியரின் தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். அண்டத்தில் உள்ள பருப்பொருளில் பெரும்பகுதி கரும்பொருள் என அறிவியலாளர்கள் கருதுகின்றனர். அது எதனால் ஆனது என்பது இன்றளவும் விளங்கவில்லை. அதற்கு விடை காணப்போகும் ஒருவர் இன்று ஏதேனும் ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம். ஆகவே, விடைகளை மட்டுமன்றி, விடை காணாத வினாக்களையும் மாணவர்முன் வைப்பதே நல்ல அறிவியல் கல்வியாகும்.