திருப்புளியா, வாரண்டியா?

ஏர் ரைஃபிள் மக்கர் செய்தால் தானே கழற்றிப் பார்ப்பதா, கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதா? தில்லி துப்பாக்கி வீரர்களைக் குடையும் கேள்வி.

தசரா நாட்களில் தில்லி செங்கோட்டை மைதானத்தில் ராம்லீலா களைகட்டும்போது பலூன் சுடும் கடைகளுக்கும் நல்ல கிராக்கி. அங்கே கைமாறிக்கொண்டே இருக்கும் துப்பாக்கிகளுக்கு ரசீதும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. ஸ்பிரிங் தளர்ந்தால் புதிதாக ஒன்று. தோல் வாஷர் காய்ந்தால் ஒரு சொட்டு எண்ணெய். கடைக்காரரே மெக்கானிக். குறி கொஞ்சம் விலகினாலும் அவருக்கு நஷ்டமில்லை. சொல்லப்போனால் லாபம்தான்.

அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே, துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானத்தில் கதையே வேறு. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்ட இடம் இது. ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற பிகானீர் மகாராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2024 அக்டோபரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. இங்கே பயிற்சி பெறுபவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ இறக்குமதியானவை. விலை லட்சங்களில். பல வீடுகளில் ஸ்கூட்டருக்கும் காருக்கும் முன்னால் வாங்கப்பட்ட சொத்து அதுதான்.

அந்தச் சொத்திலிருந்து ஒரு நாள் 'உஸ்ஸ்' என்று காற்று கசியும்போது குடும்பமே திகைத்து நிற்கிறது. திருப்புளியை எடுத்தால் வாரண்டி போய்விடும். கம்பெனிக்கு அனுப்பினால் அடுத்த போட்டி போய்விடும்.

அரை மில்லிமீட்டர் விவகாரம்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைத் தேடிப் போகும் ஈயக் குண்டின் குறுக்களவோ நாலரை மில்லிமீட்டர். ஆண்களும் பெண்களும் தகுதிச் சுற்றில் சுட வேண்டியது 60 குண்டுகள். மதிப்பெண்கள் தசமத்தில் எண்ணப்படுகின்றன. கடலூரில் பிறந்து ஆமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த நுண்கணக்கில்தான். கட்டையைப் பிடித்திருக்கும் ஒரு திருகு கால் சுற்று தளர்ந்தாலும் குண்டு வேறிடம் போகும்.

பழுது எப்போது வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவழியில் காலை வாரியது. லீவர் உடைந்துவிட்டதாக அணித் தரப்பில் சொல்லப்பட்டது. சரிசெய்து திரும்புவதற்குள் ஏறத்தாழ 20 நிமிடம் கரைந்தது. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட்டு முடித்தவருக்கு 575 புள்ளிகளும் 12-வது இடமும் கிடைத்தன. இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் நழுவியது. அந்த நேரத்தில் எந்த வாரண்டிச் சீட்டும் உதவிக்கு வராது. அதே மனு 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்று கணக்கைத் தீர்த்தார் என்பது தனிக்கதை.

உள்ளே என்ன இருக்கிறது?

பலூன் கடைத் துப்பாக்கியில் ஒரு ஸ்பிரிங், அது தள்ளும் பிஸ்டன், காற்றுக் கசியாமல் தடுக்கும் வாஷர். அவ்வளவுதான். 1970-களில் உலகப் போட்டிகளில் கோலோச்சிய ஜெர்மானிய ரைஃபிள்களும் அடிப்படையில் இதே இனம்தான். அடிப்படை தெரிந்த எவரும் திறந்து பார்க்கலாம். ஆனால் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தெறித்து வந்தால் முகத்தைப் பதம் பார்த்துவிடும் என்பதால் அதற்கான பிடிப்புக் கருவி இல்லாமல் கழற்றக் கூடாது. குண்டு போடாமல் சுடுவதும், ஸ்பிரிங்கை இழுத்தபடியே இரவு முழுக்க வைப்பதும் இவ்வகைத் துப்பாக்கிக்கு ஆகாது.

1990-களில் நிலைமை மாறியது. போட்டித் துப்பாக்கிகளில் ஸ்பிரிங் போய், காற்றடைத்த சிலிண்டர் வந்தது. முழுதாக நிரப்பினால் அதில் 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ரெகுலேட்டர் என்ற சிறு பாகம் அந்த அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றை விடுகிறது. குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ரெகுலேட்டரிலுள்ள ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். வீரரோ தன் மூச்சிலும் நிற்கும் விதத்திலும் குறை தேடிக்கொண்டிருப்பார்.

சிலிண்டருக்கு ஆயுளும் உண்டு. பத்தாண்டுகள் என்பது வழக்கமான கெடு. தேதி அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கெடு முடியாத சிலிண்டரைப் பயன்படுத்துவது வீரரின் சொந்தப் பொறுப்பு என்கின்றன சர்வதேச விதிகள். பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

தொடலாம், தொடக் கூடாது

எல்லாவற்றுக்கும் கம்பெனியை எதிர்பார்ப்பது அசட்டுத்தனம். குழலைத் துணி உருண்டையால், குண்டு நுழையும் பக்கத்திலிருந்து துடைப்பது. கட்டைத் திருகுகளின் இறுக்கத்தை அளவுக் கருவியால் சோதிப்பது. சிலிண்டர் இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தை மாற்றுவது. இரவில் அழுத்தமானியைக் குறித்துவைத்துக் காலையில் ஒப்பிடுவது. சந்தேகம் வந்தால் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. இவை அனைத்தும் வீட்டு வேலை. பொதுவாகக் கையேடே அனுமதிப்பவை. பார்வைக் கருவியையும் விசையையும் திருத்தினால் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதிவைப்பது நல்லது. 2008-ல் பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ராவின் சோதனைக் குண்டுகள் இலக்கின் நடுவை விட்டு வெகுவாக விலகின. கலங்காமல் பார்வைக் கருவியைத் திருத்திக்கொண்டு, 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். தன் துப்பாக்கியைத் தெரிந்து வைத்திருப்பதன் பலன் இது.

தில்லிக்கென்று தனி எச்சரிக்கைகளும் உண்டு. மழைக்கால ஈரக் காற்றை அப்படியே அடைத்தால் சிலிண்டருக்குள் நீர் கோர்க்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி அவசியம். மே மாதத்தில் மூடிய காருக்குள் நிரம்பிய சிலிண்டரை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

தொடவே கூடாதவை மூன்று. ரெகுலேட்டர், வால்வு, சிலிண்டரின் உடல். 200 பார் காற்று உள்ளே இருக்கும்போது திருகு திருப்புவது விளையாட்டல்ல. சாதாரண மெஷின் எண்ணெயும் உயர் அழுத்தக் காற்றும் சேர்ந்தால் தீப்பற்றலாம். சிலிகோன் பசையே பொருத்தம். வெல்டிங் கடையில் ஆக்ஸிஜன் நிரப்பிக்கொள்ளும் யோசனை உயிருக்கே உலை.

சீட்டின் பின்பக்கம்

வாரண்டிச் சீட்டின் முன்பக்கத்தில் வாக்குறுதி, பின்பக்கத்தில் பொடி எழுத்து. பொடி எழுத்து சொல்வது பொதுவாக இதுதான்: ரப்பர் வளையம், ஸ்பிரிங் போன்ற தேய்மானப் பொருள்களுக்குப் பொறுப்பில்லை, அங்கீகாரமற்ற கை பட்டால் எதற்குமே பொறுப்பில்லை. அதாவது, அடிக்கடி கெடும் பாகங்கள் வாரண்டிக்கு வெளியே, அபூர்வமாகக் கெடுபவை உள்ளே.

அமெரிக்காவில் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி, தன் பெயர் பொறித்த பாகத்தையே பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்குக் கம்பெனி நிபந்தனை போட முடியாது. 'ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி இல்லை' என்று மிரட்டிய ஆறு கம்பெனிகளுக்கு 2018-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. தில்லியிலும் அசைவு தெரிந்தது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. ஆனால் முதலில் எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவிகள், செல்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். விளையாட்டுச் சாமான்கள் பட்டியலில் இல்லை.

இருந்தாலும் வாங்கியவர் நிராயுதபாணி அல்ல. 1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்றவர் எங்கிருந்தாலும் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர அனுமதிக்கிறது. கெடு இரண்டு ஆண்டுகள். அதற்கு வேண்டியது ரசீதும், தேதியிட்ட சீட்டும், பழுதை முதலில் எழுத்தில் தெரிவித்ததற்கான ஆதாரமும். தானே கழற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு புகார் எழுதுபவரின் வழக்கு ஆரம்பத்திலேயே நொண்டும்.

ஆகவே, வாங்கிய முதல் இரண்டு வருடங்களில் வெளியே துடைக்கலாம், உள்ளே கை வைக்க வேண்டாம். ரப்பர் வளையங்களைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கி வைக்கலாம். சர்வீசுக்கு அனுப்புவதைப் போட்டி அட்டவணையின் ஓய்வு மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். வாரண்டி முடிந்த பிறகும் அழுத்தம் உள்ள பாகங்களுக்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். அதற்குச் செலவாகும் சில ஆயிரங்கள், போட்டியின் நடுவே 20 நிமிடங்களை இழப்பதைவிட மலிவு.