தோட்டத்துத் தையற்கலை – 7: மேல்நூலும் கீழ்நூலும்

துணியை அளந்து வெட்டும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். வெட்டிய துணியை யந்திரத்தில் வைக்குமுன் யந்திரத்தை அத்துணிக்கு இணங்கச் செய்வது எப்படி என்பதே இவ்வார விஷயம். மலேசியாவின் புக்கிட் பெலண்டோக்கைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டே பிரதான ஜீவனமாயிருந்த காலத்தில், இருட்டோடு எழுந்து பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மரம் வெட்டி, பாலைச் சேகரித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குப் பின் லயத்துக்குத் திரும்பும் பெண்களுக்கு மிஞ்சிய பிற்பகற் பொழுதிலே, பால்கறை படிந்த முரட்டுச் சட்டையின் கிழிசலையும், தீபாவளிக்கென்று எடுத்த மெல்லிய வாயில் துணி ரவிக்கையையும், தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சிறுமியின் நீலப் பினாஃபோரையும் ஒரே மிதி மெஷினே தைத்துத் தரவேண்டியிருந்தது. முரட்டுச் சட்டைக்குப் பொருந்திய அமைப்பு வாயில் துணியைச் சுருக்கிப் பாழாக்கிவிடும் என்பதை அறியாமல், ஒருமுறை மெக்கானிக் திருகிவைத்தபடியே யந்திரத்தை வருஷக்கணக்கில் ஓட்டுவதுதான் நம் வீடுகளில் காணும் பெரும்பாலான கோணல் தையல்களுக்கு மூலகாரணம்.

இந்த மெஷின் நம் வீடுகளுக்கு வந்த கதையையும் சற்றுப் பார்ப்போம். ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தையல் யந்திரமும், 1856 முதல் அவருடைய கூட்டாளி எட்வர்டு கிளார்க் புகுத்திய தவணை முறையும் சேர்ந்தே, சொற்பச் சம்பளக்காரர் வீட்டுக்குள்ளும் இந்தச் சாதனத்தைக் கொண்டுவந்து சேர்த்தன. யந்திரங்களைப் பற்றி அவ்வளவாக நல்ல அபிப்பிராயம் கொண்டிராத காந்தியடிகள்கூட, 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ராமச்சந்திரனோடு நிகழ்த்திய சம்பாஷணையில், சிங்கர் யந்திரத்துக்கு மட்டும் விலக்களித்து, மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணச் சகியாத அன்பினாலேயே சிங்கர் அதை ஆக்கினார் என்று புகழ்ந்தார். ஒரே நகரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் நடத்திவந்த சிங்கரின் வரலாற்றைப் படித்தவர்கள் இவ்விடத்தில் சற்றுப் புன்னகை செய்யக்கூடும். யந்திரம் நல்ல யந்திரம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. இனி அது தைக்கும் விதத்துக்கு வருவோம்.

ஊசியின் காதில் கோத்த மேல்நூல் துணியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியதும், ஊசி மேலேறத் தொடங்கும் கணத்தில் ஊசியருகே அந்நூல் சிறு வளையமாக விரிகிறது. அவ்வளையத்தைக் கொக்கி பற்றி, பாபினிலுள்ள கீழ்நூலைச் சுற்றி வரச் செய்ய, இரண்டு நூல்களும் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் துணியின் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவிலே, வெளியே தெரியாமல் மறைந்திருக்குமானால் தையல் இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும்; மேல்நூல் அதிகம் இறுகினால் கீழ்நூல் மேலே இழுக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரியும்; மேல்நூல் தளர்ந்தால் துணியின் அடியில் வளையம் வளையமாகத் தொங்கும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அடியில் நூல் தொளதொளவென்று கிடப்பதைக் கண்டவுடன் குற்றம் கீழ்நூலுடையது என்று தீர்மானித்து, பாபின் கேஸின் சின்னஞ்சிறு திருகாணியை இறுக்கத் தலைப்படுகிறார்கள். உண்மையிலோ அடியில் தெரியும் குற்றம் மேல்நூலின் குற்றம், மேலே தெரியும் குற்றம் பெரும்பாலும் கீழ்நூல் தளர்ந்ததன் அல்லது மேல்நூல் மிகுதியாக இறுகியதன் குற்றம்.

அதிலும் அடியில் நூல் குவிவதற்கு, மேல்நூலின் இறுக்கத்தை ஆளும் டென்ஷன் திருகு காரணமாயிருப்பதைவிட, மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கிடையில் சரியாக அமராமற்போவதே அதிகம் காரணமாயிருக்கும். துணியை அழுத்தும் பாதம் உயர்ந்திருக்கும்போது அத்தட்டுகள் திறந்திருக்கும், தாழ்ந்தால் மூடிக்கொள்ளும். ஆகவே நூலைக் கோக்கும்போது பாதத்தை உயர்த்தி வைத்துக் கோக்கவேண்டும். இழுவிசையைச் சோதிக்கும்போது தாழ்த்திவிட்டுச் சோதிக்கவேண்டும். இந்த ஒரு பழக்கத்தினாலேயே பாதி வழக்குகள் தீர்ந்துபோகும்.

திருகைத் தொடத்தான் வேண்டும் என்றால், தைக்கப்போகும் துணியிலேயே ஒரு துண்டை இரண்டாக மடித்து, மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் இட்டு, நூலின் தடிப்பு இரண்டிலும் ஒன்றாயிருக்கப் பார்த்து, குறுக்குவாட்டில் சாய்வாக ஒரு சாண் தைத்து, அதன் இரு முனைகளையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்: எந்த நிறம் அறுகிறதோ அந்த நூலே அதிகம் இறுகியிருக்கிறது. இரண்டும் ஒருங்கே அறுந்தால் சமநிலை பிரத்தியட்சம். மேல் டென்ஷனைச் சிறிது சிறிதாகத் திருகி முதலில் பார்த்துவிட்டு, அதனாலும் பயனில்லையென்றால் மாத்திரமே பாபின் கேஸின் பக்கம் போகவேண்டும். தனியே கழற்றி எடுக்கும் கேஸாக இருந்தால், நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு மெதுவாக ஒரு சொடுக்குச் சொடுக்கும்போது அது சற்றே இறங்கி நின்றுவிட வேண்டும். கடகடவென்று கீழே போனால் தளர்ச்சி, அசையாமல் தொங்கினால் இறுக்கம். அந்தத் திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் ஒருமுறையில் திருப்பாதீர்கள். திருப்புமுன் அதன் பள்ளம் எந்தத் திசையில் இருந்தது என்பதைப் பென்சிலால் குறித்துவைத்துக் கொள்ளுங்கள்.

வாயிலுக்கு 9 அல்லது 11ஆம் எண் ஊசி, பினாஃபோர்த் துணிக்கு 14, பால்வெட்டுச் சட்டை போன்ற முரடுக்கு 16: இவற்றை மாற்றாமல் டென்ஷனை மாத்திரம் மாற்றிப் பயனில்லை. தையலின் நீளமும் அப்படியே. மெல்லிய துணிக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு, தடித்ததற்கு எட்டு முதல் பத்து. பழைய யந்திரங்களின் நெம்புகோலருகே உள்ள இலக்கங்கள் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதையே குறிப்பவை. பிந்தியவற்றில் மில்லிமீட்டர் என்பதால், அங்கே இலக்கம் பெரிதானால் தையலும் நீளும்.

இரண்டு துணிகளை ஒருசேரத் தைத்து முடிக்கையில் மேல்துணி மாத்திரம் நீண்டு மிஞ்சுமானால், குற்றம் நூலில் இல்லை. 1854இல் ஆலன் வில்ஸன் காப்புரிமை பெற்ற நான்கு அசைவுப் பல், அதாவது மேலெழுந்து, துணியைப் பின்னே தள்ளி, கீழே தாழ்ந்து, முன்னே திரும்பும் பல், அடித்துணியை இழுத்துச் செல்ல, மேலிருந்து அழுத்தும் பாதம் மேல்துணியை மிதமிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாதத்தண்டின் உச்சியிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தினால் போதும். அப்பொழுதும் துணியைப் பின்னாலிருந்து இழுக்கும் துர்ப்பழக்கம் வேண்டாம். ஊசி வளைந்து தகட்டில் மோதி முறியும்.

கடற்காற்றும் மழையீரமும் கலந்த அந்தத் தோட்டப் பிரதேசத்தில் இரும்பு துருப்பிடிக்கச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அதற்கஞ்சி அடுப்படித் தேங்காயெண்ணெயை விடுபவர்கள் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துப் பஞ்சுத்தூளோடு சேர்ந்து கொக்கியை அடைத்துக்கொள்ளும் என்பதால், மெஷினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெயை மாத்திரம் இரண்டொரு சொட்டு விட்டு, கிழிந்த துணியொன்றில் சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பிறகே நல்ல துணியைத் தொடவேண்டும்.

ஊசியும் கொக்கியும் சந்திக்கும் காலத்தைத் திருத்துவது ஒன்றே நம் கைக்கு அப்பாற்பட்டது. அது மெக்கானிக்கின் வேலை. ஆயினும், தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று அவருக்கு ஆளனுப்புமுன், தயவுசெய்து புது ஊசி ஒன்றை மாற்றிப் பாருங்கள்.