தலைக்கு மேலே பத்து நிமிடம்

ஹாம் ரேடியோவில் செயற்கைக்கோள் வழியே பேச வேண்டுமானால் மொட்டைமாடியில் பெரிய டிஷ் வேண்டும் என்று நினைத்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தொடங்குவதற்கு ஒரு ஹேண்டி ரேடியோவும் கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனாவும் போதும். இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்தி அந்த ஆன்டெனாவை வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு.

முதல் இலக்காகச் சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சொல்வேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அது, தொடுவானத்தில் எழுந்து மறைய ஏறத்தாழ பத்து நிமிடம்தான் ஆகும். அதிலுள்ள ரிப்பீட்டர் 145.990 மெகாஹெர்ட்ஸில் நம் குரலை வாங்கி, 437.800இல் உடனே திருப்பி அனுப்பும். சென்னையில் பேசுவது டெல்லியில் கேட்கும். குரலோடு 67 ஹெர்ட்ஸ் டோனும் போக வேண்டும். இல்லையேல் ரிப்பீட்டர் திறக்காது.

சிரமமெல்லாம் வேகத்தால் வருவது. நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அலைவெண் ஏறும், விலகும்போது இறங்கும். இதுதான் டாப்ளர் விளைவு. ஆகவே 437.810 அருகே கேட்கத் தொடங்கி, உச்சியில் 437.800க்கு வந்து, மறையும்போது 437.790 வரை இறங்க வேண்டும். கடக்கும் நேரத்தைச் சொல்ல இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் மணிக்கட்டால் ஆன்டெனாவைச் சுழற்றி ஒலி தெளியும் கோணத்தைப் பிடிப்பது பழகித்தான் வரும். அதனால் முதலில் நிறையக் கேளுங்கள். பேச உரிமம் கட்டாயம். அதற்கான அரசுத் தேர்வை இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம்.

இந்த ரிப்பீட்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அழைப்புக்குறி, வரைபடத்தில் நாம் இருக்கும் கட்டத்தின் குறியீடு (சென்னைக்கு என்கே03), ஒரு வணக்கம். அதோடு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

பலர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய செயற்கைக்கோள்களும் உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச்சென்ற ஹாம்சாட் அப்படிப்பட்டது. 2014 வரை உழைத்தது. எனக்கு மிகப் பிடித்தது ஆஸ்கார்-7. 1974இல் ஏவப்பட்டு, பேட்டரி ஷார்ட் ஆகி 1981இல் அடங்கிப்போனது. 2002இல் தானாகவே உயிர்பெற்றது! அந்த ஷார்ட் அறுந்துபோய், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குப் போகத் தொடங்கியதே காரணம் என்கிறார்கள். பேட்டரியின் துணை இல்லாததால் பூமியின் நிழலுக்குள் போனதும் அணைந்துவிடும். அதில் பேசுபவர்கள் மிகக் குறைந்த சக்தியிலேயே ஒலிபரப்ப வேண்டும். ஒருவர் அளவு மீறினாலும் மின்னழுத்தம் தள்ளாடி, எல்லோருடைய குரலும் அலைக்கழியும்.